நாவலடியிலிருந்து இப்போதே வெளியேறுவதா?

கேள்வி: வங்காள விரிகுடாத் தாழமுக்கம் சூறாவளியாகி மட்டக்களப்பை நெருங்கலாம் என்கிறார்கள். நடக்க இயலாத அம்மாவுடன் நாவலடியில் இருக்கும் நாங்கள் அடுத்த அறிவித்தல் வரை பொறுக்கலாமா?

பதில் 1: சூறாவளியின் பாதையை முன்கணித்துக் காட்டும் வரைபடத்தின் நடுக்கோட்டை மட்டும் நம்பாதீர்கள், அதைச் சுற்றி வரைந்த கூம்புக்குள் சூறாவளியின் மையம் எங்கும் செல்லக்கூடும், காற்றும் மழையுமோ கூம்புக்கு வெளியேயும் தாக்கும்.

பதில் 2: பொறுக்க வேண்டாம், தம்பி. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக உள்ள அந்த மணற்திட்டிலிருந்து, காற்று பலத்தபின் அம்மாவைத் தூக்கிச் செல்ல முடியாது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட எங்கள் தலைமுறை இதில் தயங்காது. மருந்துகளையும் அடையாள அட்டைகளையும் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு பகலிலேயே புறப்படுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவிடுங்கள்.

பதில் 3: உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117. காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே வராதீர்கள். சூறாவளியின் கண் எனும் அமைதியான நடுப்பகுதி கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும்.