திங்கட்கிழமை தெளிந்து கிடந்த குழாய்

முதல் பதிவு:
முதுகலை படிக்கும்போது நடந்தது, இன்னும் உறுத்துகிறது. ப்ராத்தில் (கிருமி வளர்க்கும் திரவம்) நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸ் பாக்டீரியா நன்றாகக் கலங்கி வளர்ந்திருந்தது. வெள்ளிக்கிழமையே ஸ்டாக் போட்டிருக்க வேண்டும் (உறைய வைத்துச் சேமிப்பது), மறந்துவிட்டுப் போய்விட்டேன். திங்கள் காலை குழாயைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் மாதிரித் தெளிந்து கிடக்கிறது. யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அதே கிருமியை ரத்தம் கலந்த கூழில் வளர்த்திருந்த ரத்த அகார் பிளேட்டைத் திறந்ததும் வாயடைத்துப் போனது: ஒவ்வொரு காலனியும் (கிருமிக் கூட்டம்) நடுவில் பொக்கென்று குழிந்து, விளிம்பு மட்டும் கேரம் காய் மாதிரி நிற்கிறது. எல்லாம் லைட்-ஏ வேலை, கிருமி தன் செல் சுவரைத் தானே அறுத்துக்கொள்ள வைத்திருக்கும் ஆட்டோலைசின் என்ற நொதி. தானாகச் செத்துப்போகிற கிருமி எப்படி ஆளைச் சாய்க்கிறது என்று அன்றைக்குப் புரியவே இல்லை. அப்புறம் படித்தால், செல் உடைந்தால்தான் உள்ளே இருக்கும் நியுமோலைசின் என்ற நச்சுப் புரதம் வெளியே கொட்டுமாம்! கொட்டியதும் நம் செல் சவ்வின் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு, நாற்பது சொச்சம் மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து ஓட்டை போட்டுவிடும். காலனியைச் சுற்றி இருந்த பச்சை வட்டம் அதுதான்.

பதில்:
பச்சை வட்டம் அது இல்லைங்க. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நானும் இதையே சொல்லி, எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்ததை மறக்கவே முடியாது. கிருமியின் பைருவேட் ஆக்சிடேஸ் என்ற நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்வதால் வரும் நிறம் அது. அந்தப் பெராக்சைடு நுரையீரல் செல்களையும் சும்மா விடாது. 'உடைந்தால்தான்' என்பதும் முழுசாகச் சரியில்லை, லைட்-ஏ இல்லாத நியுமோகாக்கஸ் வகையிலும் நியுமோலைசின் வெளியே வந்ததைக் காட்டியிருக்கிறார்கள். எல்லாப் பழியையும் ஒரே புரதத்தின் மேல் போடாதீர்கள், நம் ரத்தத்தின் எதிர்ப்புப் புரதங்களான காம்ப்ளிமென்ட் கிருமியின் மேல் ஒட்டாமல் தடுக்கும் பிஎஸ்பிஏ என்ற மேற்பரப்புப் புரதமும் இருக்கிறது.

இன்னொரு பதில்:
எனக்கு இப்படி நடந்தது பித்த உப்புச் சோதனையில்தான், நியுமோகாக்கஸா என்று கண்டுபிடிக்கச் செய்வது. டிஆக்சிகோலேட் என்ற பித்த உப்பு ஒரு சொட்டு விட்டேன், சிறிது நேரத்தில் காலனி இருந்த இடத்தில் வெறும் தடம்தான் மிச்சம். அதே லைட்-ஏதான், பித்த உப்பு அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவே. செய்பவர்கள் கவனியுங்கள்: சொட்டு காயும் வரை பிளேட்டைச் சாய்க்காதீர்கள், காலனி வழுக்கிப் போய்விட்டால் கரைந்துவிட்டது என்று எழுதிவிடுவீர்கள். 18 முதல் 24 மணி நேரக் காலனி போதும், பழசு வேண்டாம். ஆப்டோகின் வட்டை (இந்தக் கிருமியை அடையாளம் காண உதவும் மருந்து தோய்ந்த வட்டு) வைத்த பிளேட்டை 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வையுங்கள், 6 மி.மீ. வட்டு என்றால் சுற்றிலும் கிருமி வளராத வளையம் 14 மி.மீ. அல்லது அதற்கு மேல் வர வேண்டும், குறைந்தால் பித்த உப்புச் சோதனையும் செய்துவிடுங்கள். ஸ்டாக் என்றால் ப்ராத் கலங்கி வரும்போதே கிளிசரால் சேர்த்து மைனஸ் 80இல் போட்டுவிடுங்கள், வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் சரி.