மறு: மார்ல தெரியாம கக்கத்துல வர்ற புற்றுநோய், என்ன பேர் வைக்கலாம்?

வணக்கம் அண்ணே, 'occult breast cancer'க்குத் தமிழ்ச் சொல்லா நீங்க சொன்ன 'மூலமறியா மார்பகப் புற்றுநோய்' எனக்கு ஒத்துவரலை. சிங்கப்பூர் தேக்காவுல யாரை வேணா கேளுங்க, மூலம்னா அவங்களுக்கு பைல்ஸ்தான். அதைவிட, இதுல மூலம் அறியாம இல்லையே. கக்கத்துல நெறி கட்டுது, ஊசி வச்சு சதை எடுத்து பயாப்சி பண்றாங்க, செல்லோட தன்மை, ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் (அந்த ஹார்மோன் செல்லுல ஒட்டற இடம்) எல்லாம் சேர்த்துப் பார்த்தா மார்லேருந்துதான் வந்திருக்கணும்னு தெரியுது, ஆனா மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), அல்ட்ராசவுண்ட் ரெண்டுலயும் ஒண்ணும் சிக்கலை. எம்ஆர்ஐ எடுத்தா நிறைய பேருக்கு இடம் தெரிஞ்சிடும், அதுலயும் தெரியாதவங்களுக்குத்தான் இந்தப் பேரே. மொத்த மார்பகப் புற்றுநோய்ல நூத்துக்கு 1 கூட வராது.

சிகிச்சைதான் இங்க முக்கியம். கக்கத்து நெறிக்கட்டிகளை ஆபரேஷன்ல எடுக்கறாங்க, கீமோ, ஹார்மோன் மாத்திரையெல்லாம் நோயோட வகையைப் பொறுத்து. முன்னல்லாம் மாரையும் எடுத்துடுவாங்க, இப்ப நிறைய பேருக்கு மாரை வச்சுக்கிட்டே முழு மாருக்கும் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறாங்க, ரெண்டும் செய்யாம விட்டா அதே மார்ல பின்னாடி கட்டி வர்ற வாய்ப்பு கூடிடுது. "படத்துல ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க, அப்புறம் எதுக்கு டாக்டர் மாருக்குக் கரண்ட்?"னு ஒரு அம்மா கேட்டா நம்ம சொல்லே பாதி பதிலைச் சொல்லணும். அதனால 'மார்பகம்' கட்டாயம் வேணும், 'அக்குள் புற்றுநோய்'னு சுருக்கவே கூடாது.

அக்கா, உங்க 'மறைவிட'வுக்கு வேற அர்த்தம் வந்துடும், பொம்பளைங்க கூச்சப்படுவாங்க. 'கரவு' அழகான சொல்தான், ஆனா வஞ்சகம்ங்கற பொருள் ஒட்டிக்கிட்டு இருக்கு, நோயாளி காதுல அது விழ வேணாம்.

என் பரிந்துரை 'மறைநிலை மார்பகப் புற்றுநோய்'. பிரவுசர்ல incognitoவுக்கு மறைநிலைன்னு ஏற்கெனவே புழங்குது, இருக்கு ஆனா கண்ணுக்குப் படலைங்கறது உடனே புரியும். தூங்கிக்கிட்டு இருக்கற நோயோட குழம்பிடுமோன்னா, அதுக்கு 'உறங்குநிலை' தனியா இருக்கு.

சொல்லுக்குக் கீழ போடற விளக்கத்துல ஒரு வரி சேர்க்கணும்: மேமோகிராம் நார்மல்னு வந்தாலும் கக்கத்துக் கட்டி கரையலைன்னா டாக்டர்கிட்ட காட்டணும். இங்க 50 தாண்டினவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மேமோகிராம் எடுக்கச் சொல்றாங்க, நார்மல்னு லெட்டர் வந்ததும் கட்டியைக் கண்டுக்காம விட்டுடறவங்களுக்காகத்தான் கேக்கறேன். 'நிணநீர்க் கணு'வுக்குப் பக்கத்துலயே 'நெறிக்கட்டி'யும் போட்டுடலாமா?