சிறிய தளத்தில் கட்டடக் கழிவைத் தரம் பிரிப்பது எப்படி?

கேள்வி:
ஐந்து ஆட்களை வைத்துக்கொண்டு, வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்து வருகிறேன். இடித்த செங்கல், பெயர்த்த டைல்ஸ், சிமென்ட் பை, பழைய மரம் எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து வாடகை லாரியில் ஏற்றிவிடுவோம். அதற்குமேல் அவை எங்கே போகின்றன என்று நான் கேட்டதில்லை. சென்ற மாதம் அப்படி அனுப்பிய சுமை ஓர் ஓடைக்கரையில் கொட்டப்பட்டிருந்தது. குவியலில் கிடந்த டைல்ஸ் அட்டைப்பெட்டியில் வாடிக்கையாளரின் முகவரி ஒட்டியிருந்ததால், விசாரணை அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டது. இனி முறையாகச் செய்ய விரும்புகிறேன். ஆனால் இரண்டு சைக்கிள் நிறுத்தவும் இடமில்லாத தளத்தில் கழிவை எப்படிப் பிரிப்பது?

பதில் 1:
இடம் இல்லாவிட்டால் நாள் கணக்கில் பிரியுங்கள். முதல் நாள் கதவு, ஜன்னல், ஒயர், குழாய் ஆகியவற்றைக் கழற்றினால், பெரும்பகுதி மறுபயன்பாட்டுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ போய்விடும். மறுநாள் பொய்க்கூரையிலும் தடுப்புகளிலும் உள்ள ஜிப்சம் போர்டுகளை இறக்கி, நனையாமல் பையில் கட்டி அன்றே வெளியேற்றுங்கள். அதற்குப் பிறகுதான் சுவரில் சம்மட்டி பட வேண்டும். அப்போது மிஞ்சுவது செங்கல், கான்கிரீட், காரை மட்டுமே. அதை நொறுக்கித் தரை நிரவவும் பாதைக்கு அடித்தளம் போடவும் பயன்படுத்தலாம். ஜிப்சத்தில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு: அதிலுள்ள சல்பேட் சிமென்டுடன் வினைபுரிந்து கான்கிரீட்டை உப்பி வெடிக்கச் செய்யும் என்பதால், அது கலந்த இடிபாட்டை நொறுக்கும் ஆலைகள் விரும்புவதில்லை, மக்கும் குப்பையோடு புதைத்தாலோ, காற்றுப் புகாத ஈரத்தில் நுண்ணுயிரிகள் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்கும்.

லாரிக்காரரிடம் இறக்கிய இடத்தின் ரசீதைப் பெற்ற பிறகே முழு வாடகையையும் கொடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்ன வரிசைக்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. பழைய வீடானால், கூரையிலும் குழாய்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதா என்று இடிப்பதற்கு முன்பே பரிசோதிக்க வேண்டும். இருந்தால் அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு ஈரமாக்கி, முழுத் தகடாகக் கழற்றி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடையாளமிட்டுத் தனியே அனுப்ப வேண்டும். அதேபோல், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரத்தை விறகாக்கக் கூடாது. சில மருந்துகளில் ஆர்செனிக் இருப்பதால் சாம்பலும் நஞ்சாகிவிடும்.

பதில் 3:
இருவரும் கழிவு உண்டான பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பாதித் தவறு பொருள் வாங்கும்போதே நடந்துவிடுகிறது. 12 மீட்டர் கம்பியில் 3.5 மீட்டர் துண்டுகள் மூன்றை வெட்டினால் 1.5 மீட்டர் மிஞ்சும். வெட்டுப் பட்டியலை முன்கூட்டியே எழுதியிருந்தால், அந்தத் துண்டு 90 சென்டிமீட்டர் வாசலுக்கு மேல் வரும் குறுக்கு உத்தரமான லிண்டலுக்கு இருபுறத் தாங்கலும் சேர்த்துப் போதும். எழுதாவிட்டால் மூலையில் துருப்பிடிக்கும். கலவையும் அப்படித்தான். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் முழு மூட்டையைக் கொட்டிக் கலக்கும் பழக்கத்தை நிறுத்தியதிலிருந்து, இறுகிப்போன சாந்துச் சட்டியைக் கடப்பாரையால் குத்தும் வேலை எங்கள் தளத்தில் இல்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அடுத்த வேலையை நாள் கணக்கில் பிரித்தே தொடங்குகிறேன். கலவை இயந்திரத்தைக் கழுவிய நீரை இதுவரை வடிகாலில் விட்டுவந்தோம், அதுவும் தவறா?

பதில் 2 எழுதியவர்:
தவறுதான். அந்த நீர் கடும் காரம்; அதன் பிஹெச் அளவு 12-ஐத் தாண்டும். ஓடையில் கலந்தால் மீன்கள் சாகும், கையில் பட்டால் தோல் வெந்துபோகும். ஒரு பீப்பாயில் பிடித்து இரவு முழுவதும் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் நீரை மறுநாள் கையுறை அணிந்து கருவிகளைக் கழுவ எடுத்துக்கொள்ளலாம்; அடியில் படிந்த சேறு இறுகியதும் கான்கிரீட் இடிபாட்டோடு சேர்த்துவிடலாம்.