ரத்த ஈயம்: கிராஃபைட் ஃபர்னஸில் இரண்டு அளவும் ஒத்து வரவில்லை, யாராவது உதவுங்கள்

சேலம்_லேப்:
வணக்கம். பழைய பேட்டரி பிரிக்கும் பட்டறை ஆட்களின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று கிராஃபைட் ஃபர்னஸில் (சாம்பிளைக் கிராஃபைட் ட்யூபில் சூடாக்கி, ஈய ஆவி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) பார்க்கிறோம். 283.3 நானோமீட்டர் அலைநீளத்தில், அமிலத்தில் கரைத்த ஸ்டாண்டர்டு (ஈய அளவு தெரிந்த கரைசல்) நேர்கோட்டில் அழகாக வருகிறது, ஆனால் ரத்தத்தை 0.2% நைட்ரிக் அமிலத்தில் பத்து மடங்கு நீர்த்து ஓட்டினால் ஒரே ரத்த ட்யூபிலிருந்து எடுத்த இரண்டு அளவுகள் டெசிலிட்டருக்கு 11, 17 மைக்ரோகிராம் என்று விலகுகின்றன. மதியத்துக்கு மேல் பீக் (ஈயத்தின் சிக்னல்) குட்டையாகிக்கொண்டே போகிறது. லேம்ப், கிராஃபைட் ட்யூப் இரண்டும் புதியவை.

பயோகெம்_சார்:
பீக் குட்டையாவதற்குக் காரணம் பெரும்பாலும் கரி. ரத்தத்தின் புரதம் எரிந்து கிராஃபைட் ட்யூபுக்குள் படியும், சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். நைட்ரிக் அமிலம் மட்டும் போதாது. ட்ரைட்டான் எக்ஸ்-100, அமோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் இரண்டையும் சேருங்கள். முதலாவது செல்லை உடைக்கும், பாஸ்பேட் சாம்பலாக்கும் கட்டத்தில் ஈயம் பறந்துவிடாமல் பிடித்து வைக்கும். ஸ்டாண்டர்டையும் ஈயம் குறைந்த ரத்தத்திலேயே போடுங்கள்.
அப்புறம், ஈயத்தில் 95 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுவில்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜில் இரவெல்லாம் நின்று அடியில் படிந்த ரத்தத்தை அப்படியே பிப்பெட்டில் எடுத்தால் இரண்டு அளவும் எப்படி ஒத்து வரும்? மெதுவாகத் திருப்பித் திருப்பிக் கலக்கி எடுங்கள். கட்டி இருந்தால் அந்தச் சாம்பிள் வேண்டாம், மறுபடி எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

ஏற்காடு_மலை:
ரத்தம் எங்கே, எப்படி எடுத்தது? பட்டறையிலேயே விரலைக் குத்தி எடுத்திருந்தால் தோலில் ஒட்டிய தூசியையும் சேர்த்துத்தான் அளக்கிறீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பட்டறைக்கு வெளியே வைத்து, நரம்பில் எடுப்பதே நல்லது. காலி இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ட்யூபில் நீர்த்த அமிலம் ஊற்றிக் கலக்கி ஓட்டியும் பாருங்கள், சில லாட்டில் ட்யூபே ஈயம் தரும்.

சேலம்_லேப்:
சிலருக்கு விரலில்தான் எடுத்தார்கள் சார். ஐ.சி.பி.-எம்.எஸ். (அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) உள்ள இடத்துக்கு அனுப்பிவிடலாமா? அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் பார்க்கச் சொல்கிறார்கள்.

பயோகெம்_சார்:
தாராளமாக அனுப்பலாம். ஈயத்தின் 206, 207, 208 மூன்று ஐசோடோப்பையும் (எடை வேறான ஈய அணுக்கள்) கூட்டி, பிஸ்மத்தை உள் ஸ்டாண்டர்டாக (ஒப்பிட எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவு சேர்ப்பது) வைத்து அளப்பார்கள், குறைந்த அளவிலும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அழுக்கான சாம்பிள் அங்கே போனாலும் அழுக்கான எண்ணைத்தான் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். ஆறு மைக்ரோகிராம் விலகும் முறையை வைத்துக்கொண்டு குழந்தைகளின் ரத்தத்தைத் தொடாதீர்கள். முதலில் கலக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, வந்த எண்களை இங்கே போடுங்கள் தம்பி.