பெர்னினா ரயிலில் போய் வந்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கோவைக்காரி
ஆபீஸ் வேலையாக சூரிச் வந்தேன். நடுவில் ஒரு சனி ஞாயிறு கிடைத்தது, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் திரானோ வரை போகிற இந்த ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். வழியில் வரும் கூர், செயின்ட் மோரிட்ஸ் கதையெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பொன்ட்ரெசினா தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மட்டும்தான். பெட்டியில் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள். எதிர் சீட்டில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும். மான்டெபெல்லோ வளைவில் ரயில் திரும்பும்போது எழுந்து நின்றார். ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் மலையை வரைந்தார். அதன் நடுவே மேலிருந்து கீழே நீளமாக ஒரு பட்டை. "மோர்டராட்ச் பனியாறு. நான் பையனாக இருந்தபோது இதுவரைக்கும்" என்று அடியைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் சட்டைக் கையால் அந்தப் பட்டையைக் கீழிருந்து துடைத்துக்கொண்டே போனார். மேலே கொஞ்சம் மிச்சம் வைத்து, "இப்போது" என்றார். ஒஸ்பிட்சியோ பெர்னினாவில் இறங்கிப் போய்விட்டார்.

அந்தச் சட்டைக் கை துடைத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மறுநாள் மேகம் விலகியது. திரும்பி வரும் வழியில் மோர்டராட்ச் ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். பனியாற்றின் நுனி எந்த வருஷம் எங்கே இருந்தது என்று பாதை நெடுக பலகை நட்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் பின்னால் போய்விட்டது. நடக்க நடக்க பலகை வருகிறது, பனி வரவே மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தண்டவாளம்
எனக்கு லெ ப்ரெசே. அங்கே ரயில் ஊருக்குள் ரோட்டிலேயே போகுமே, அந்த இடம். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்து, பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்வது போல என்னைப் பார்த்து "ச்சாவோ" என்றார். அவ்வளவு பக்கம்.

இதைச் சுற்றுலாக்காரர்களுக்கான பெர்னினா எக்ஸ்பிரஸில் பார்க்க முடியாது. பனோரமா பெட்டியில் ஜன்னல் திறக்காது, போட்டோவில் கண்ணாடியின் பளபளப்பு விழும், டிக்கெட்டுக்கு மேல் சீட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தாலும் அந்தக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் செயின்ட் மோரிட்ஸிலிருந்து சாதாரண ரயில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று போகிறது. முன்பதிவு வேண்டாம், பிடித்த இடத்தில் இறங்கி அடுத்ததில் ஏறலாம். இறங்குவதென்றால் ஆல்ப் க்ரூமில் இறங்குங்கள், 2,091 மீட்டர், எதிரே பாலு பனியாறு. தெற்கே போகும்போது முதல் பாதிக்கு வலது பக்கம் உட்காருங்கள், லாகோ பியான்கோ ஏரி அந்தப் பக்கம். போஸ்கியாவோ தாண்டி வரும் ஏரிக்கு இடது பக்கம் மாறிக்கொள்ளுங்கள்.

பல்சக்கரம் இல்லாமல் 1,000 மீட்டருக்கு 70 மீட்டர் ஏறுகிற பாதை இது, 1910இல் முழுதாகத் திறந்தது. அந்த ஏற்றத்தை உணர வேண்டுமென்றால் சக்கரச் சத்தம் காதில் விழ வேண்டும். சூரிச்சிலிருந்து வருபவர்கள் போன வழியே திரும்பாதீர்கள். இரவு திரானோவில் தங்கிவிட்டு, காலையில் மிலான் ரயிலைப் பிடியுங்கள், இரண்டரை மணி நேரம், நடுவில் கொஞ்ச தூரம் கோமோ ஏரிக் கரை. மிலானிலிருந்து கொத்தார்டு சுரங்கம் வழியாக சூரிச். திரானோ வரை போகாமல் பாதியில் திரும்புவதற்கு இந்தப் பயணமே வேண்டாம்.

மதுரை மைந்தன்
எக்ஸ்பிரஸை இப்படி ஒதுக்காதீர்கள் சகோ. என் அம்மாவுக்கு முழங்கால் வலி. கூரிலிருந்து திரானோ வரை மாறாமல் போகிற ரயில் அதுதான், அவரால் வர முடிந்ததே அதனால்தான்.

லாகோ பியான்கோ பக்கம் வரும்போது அம்மா, "இந்தத் தண்ணி எங்கேடா போகுது?" என்றார். டிக்கெட் பார்க்க வந்தவரிடம் கேட்டுச் சொன்னேன். இந்த ஏரித் தண்ணீர் போ நதியில் சேர்ந்து அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. பக்கத்திலேயே இருக்கிற சின்னக் கறுப்பு ஏரியின் தண்ணீர் இன் ஆறு, டான்யூப் என்று போய்க் கருங்கடலில் சேர்கிறது. அம்மா சற்று யோசித்துவிட்டு, "நம்ம ஓட்டு வீட்டு முகடு மாதிரி. பாதி மழை தெருவுக்கு, பாதி கொல்லைக்கு" என்றார். அதை மொழிபெயர்த்ததும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு வணக்கம் வைத்தார். ஜன்னல் திறக்காத பெட்டியில்தான் இது நடந்தது.

பாசல் பிள்ளை
தண்டவாளம் அண்ணா, உங்கள் கடைசி வரியை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயசு. அப்பாவுக்கு எஃப் விசா, தற்காலிகமாகத் தங்க மட்டும் விடுகிற அனுமதி. அனுமதி எடுக்காமல் சுவிஸை விட்டு வெளியே போகக் கூடாது. எங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்குத்தான் ஆசை. புருசியோவில் ரயில் தன் பாலத்துக்குக் கீழாலேயே சுற்றி இறங்குமே, அதை எனக்கும் தம்பிக்கும் கையால் வட்டம் போட்டுக் காட்டினார். அடுத்து கம்போகொலோன்யோ. அதுதான் சுவிஸின் கடைசி ஸ்டேஷன். அப்பா எழும்பி, சித்தப்பாவிடம் இருபது பிராங்க் கொடுத்து, "பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ரயில் வெளிக்கிட்டதும் மேடையில் எங்களோடு கூடவே நடந்து வந்தார். மேடை முடிகிற இடத்தில் நின்றார். தம்பி "அப்பா ஏன் வரேல்லை" என்று கேட்டுக்கொண்டே இருந்தான், சித்தப்பா மற்ற ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பி வரும்போது அதே இடத்தில் நின்றார், எத்தனை வகை ஐஸ்கிரீம் இருந்தது என்று கேட்டார்.

பாதியில் இறங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள் அண்ணா. லாண்ட்வாசர் பாலம், பனியாறு, ஏரி, புருசியோ வளையம் எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். அப்பா அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்கு முழுதாகக் காட்டினார்.

இப்போது அவரிடம் சுவிஸ் பாஸ்போர்ட் இருக்கிறது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவதில்லை. திரானோவில் என்ன சாப்பிடலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டவாளம்
அப்பாவுக்கு பிட்சோகேரி வாங்கிக் கொடுங்கள் தங்கச்சி. அந்தப் பள்ளத்தாக்கின் சொந்தச் சாப்பாடு. கோதுமையோடு பக்வீட் மாவு கலந்த பட்டைப் பாஸ்தா, முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, சீஸ், வெண்ணெயில் தாளித்த பூண்டு. இறைச்சி இல்லை. சீஸ் உறைய வைக்க கன்றின் இரைப்பை நொதி சேர்ப்பார்கள், அவர் அதையும் பார்ப்பவர் என்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு தட்டே இரண்டு பேருக்குக் காணும். எல்லாருடைய அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள், எல்லையில் சில நாள் கேட்பார்கள். கோடையில் மேல்கூரை இல்லாத மஞ்சள் பெட்டிகளைச் சில ரயில்களில் இணைக்கிறார்கள். ஜூனில் உங்கள் நாளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அப்பாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி எடுத்துப் போங்கள், சுரங்கத்துக்குள் குளிர் அதிகம்.