நார்வேயின் ட்ரோல்களுக்கு யாரும் அஞ்சுவதில்லையே, ஏன்?

வடகாற்று: நார்வே நாட்டார் கதைகளை ஒட்டி வரும் அசைவூட்டக் குறும்படங்களில் ட்ரோல் என்னும் மலைப்பூதம் பெருமூக்குக் கோமாளியாகவே வந்துபோகிறது. பொம்மைப் படங்களால் பெயர்பெற்ற ஈவோ கப்ரீனோதான் இதற்கு வழி திறந்துவிட்டவர் என்பேன். அதே நாட்டு ஓவியர் தியோடோர் கிட்டெல்சன் 1904-இல் வரைந்த நொக்கன் என்னும் நீர்ப்பூதத்தைப் பாருங்கள்: இருண்ட குளத்தில் தலையின் மேற்பாதி மட்டும் தெரிய, வெளிறிய இரு கண்கள் நம்மையே பார்க்கின்றன. அந்தக் கிலியில் கால்வாசிகூடத் திரைக்கு வரவில்லை.

பொம்மைப்பிரியன்: பழியைக் கப்ரீனோவின் தலையில் கட்டுவது நியாயமன்று. ட்ரோலோடு போட்டி போட்டுத் தின்ற பையனின் கதையை அவர் 1967-இல் படமாக்கினார். ஆனால் அது ஆஸ்பியோர்ன்சனும் மோவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொகுத்துவிட்ட கதை. சட்டைக்குள் கட்டிய பைக்குள் கூழைக் கொட்டிக்கொண்டே வரும் ஆஸ்கலாடன் என்னும் அந்தப் பையன், பையைக் கத்தியால் கிழித்துக்காட்டி, இப்படிச் செய்தால் வேண்டிய மட்டும் உண்ணலாம் என்கிறான். அதை நம்பிய ட்ரோல் தன் வயிற்றையே கிழித்துக்கொண்டு மடிகிறது. ட்ரோலை முட்டாளாக்கியவர்கள் கதை சொன்ன குடியானவர்களே.

வடகாற்று: அந்தச் சிரிப்பில் குருதியும் இருந்ததல்லவா? கொள்ளைநோயின் உருவான பெஸ்டா கிழவியைப் பற்றி மக்கள் நம்பியது இன்னும் கொடிது: வைக்கோல் வாரியோடு வந்தால் சிலர் பிழைப்பர், துடைப்பத்தோடு வந்தால் ஊரில் ஒருவரும் மிஞ்சார். மாடிப்படியின் அடியில் நின்று அவள் அண்ணாந்து பார்ப்பதைக் கிட்டெல்சன் 1896-இல் வரைந்தார். அவளைப் பற்றிய திரைப்படங்கள் ஏன் இவ்வளவு அரிது என்று கேட்கத் தோன்றுகிறது.

சுவடி: இருவரும் இரு வேறு சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். ஆஸ்கலாடன் கதைகள் பொழுதுபோக்குக்குச் சொல்லப்பட்டவை. அவற்றில் தொடக்கமும் போட்டியும் முடிவும் உண்டு. நொக்கனும் பெஸ்டாவும் நம்பப்பட்டவர்கள். அவர்களைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரு குளத்தையோ பண்ணைவீட்டையோ ஒட்டிய சில வரிகளோடு நின்றுவிடும். கதையோட்டம் தேடுகிற படக்காரர் முதல் வகையை நாடுவது இயல்பு.

வடகாற்று: குறும்படத்துக்குக் கதையோட்டம் கட்டாயமா என்ன? நார்வே இயக்குநர் அனிதா கில்லி 2009-இல் எடுத்த ‘சின்னா மன்’ (சினங்கொண்ட மனிதன்) என்னும் அசைவூட்டக் குறும்படத்தில் பூதமே இல்லை. தந்தையின் சினம் மூளும் வேளைக்கு அஞ்சிக் கிடக்கும் சிறுவனின் வீடு மட்டுமே உண்டு. வெட்டிய காகித உருவங்களைக் கொண்டே அவ்வளவு அச்சத்தைக் கொண்டுவர முடிந்ததென்றால், அதே கையால் நொக்கனையும் எழுப்பலாம்.

பொம்மைப்பிரியன்: அங்கே அஞ்சுவதற்கு ஒரு சிறுவன் இருந்தான், ஐயா. உங்கள் குளக்கரையில் யாரை நிறுத்துவீர்கள் என்பதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.