ஸ்காலர்ஷிப் அனுப்பியாச்சுன்னு காட்டுது, பாஸ்புக்கில் பணம் இல்லை

திருப்பூர் அக்கா:
தம்பி தருமபுரி பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். அம்மாவுக்கு நூறு நாள் வேலை, நான் பனியன் கம்பெனியில் செக்கிங். அதற்கான 2.5 லட்ச வருட வரம்புக்கு ரொம்பக் கீழேதான் எங்கள் வருமானம். ஆறு, ஏழாம் வகுப்பைத் தனியார் பள்ளியில் படித்ததால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாதாமாதம் வரும் தமிழ்ப் புதல்வன் ஆயிரமும் அவனுக்குக் கிடையாது. இதைத்தான் நம்பியிருக்கிறோம்.

இணையத்தில் பணம் அனுப்பியாச்சு என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டால் எஸ்.எம்.எஸ். சார்ஜ் பிடித்த வரி மட்டும் இருக்கிறது. கல்லூரியில் "பணம் வந்துவிட்டதே, ஃபீஸைக் கட்டு" என்கிறார்கள். வங்கியிலோ "காலேஜில் போய்க் கேள்". கணக்கு எண்ணை நானே பார்த்துத்தான் அடித்தேன், தப்பில்லை. பணம் எங்கே போயிருக்கும்?

பழைய பேங்க்காரன்:
சகோதரி, நீங்கள் அடித்த கணக்கு எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இந்தப் பணம் ஆதார் எண்ணை வைத்துப் போகிறது. ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் பதிவில் இருக்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதில்தான் விழும். "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று கவுண்டரில் கேட்டால் ஆகியிருக்கு என்பார்கள். அவர்கள் சொல்வது கே.ஒய்.சி.க்கு, அதாவது அடையாளச் சான்றாகக் கொடுத்த ஆதார். மானியம் வருவதற்கான இணைப்பு வேறு, அதற்குத் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும்.

மை ஆதார் தளத்தில் தம்பியின் எண்ணைப் போட்டு, ஓ.டி.பி. வந்ததும் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயர் தெரியும். பள்ளியில் முகாம் போட்டுத் திறந்த கணக்கு, சிம் வாங்கும்போது கைரேகை வைத்ததில் திறந்த கணக்கு, இப்படி ஏதாவது இருக்கும் பாருங்கள்.

கடைசி பெஞ்ச்:
எனக்கும் இதே கதைதான், போஸ்ட் ஆபீஸ் பேங்க்கில் கிடந்தது. அக்கா, பணம் கிடைத்தால் மொத்தத்தையும் செலவு பண்ணிடாதீங்க. பி.காம். டே ஸ்காலருக்குப் படி வருஷத்துக்கு 3,000தான் (ஹாஸ்டல்னா 6,000). மீதி கல்லூரிக் கட்டணம். உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவன் கணக்குக்கே நேரா வரும், அதிலிருக்கும் கட்டணத்தை 7 நாளுக்குள் கல்லூரியில் கட்டணும்னு விதி. 3,000 பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்குமே பத்தாது, அது வேற விஷயம்.

திருப்பூர் அக்கா:
பார்த்தோம். வேறு வங்கியின் பெயர் வருகிறது! பதினொன்றாம் வகுப்பில் யாரோ வந்து எல்லோருக்கும் கணக்கு ஆரம்பித்தார்களாம். கார்டும் இல்லை, பாஸ்புக்கும் இல்லை. இப்போதே இணைப்பை மாற்றிவிடட்டுமா?

பழைய பேங்க்காரன்:
மாற்றினால் இனி வருவதுதான் புதுக் கணக்குக்கு வரும், பழைய பணம் தானாக நகராது. முதலில் அதை எடுங்கள். ஊரில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் மிஷின் வைத்திருப்பவரிடம் அந்த வங்கியின் பெயரைச் சொல்லி இருப்பு பார்க்கச் சொல்லுங்கள். கைரேகை விழவில்லை என்றால் ஆதாரோடு தம்பியே கிளைக்குப் போகட்டும். அங்கே ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கி, நகலைக் கல்லூரி ஆபீசில் கொடுத்து, ஃபீஸ் கட்ட அவகாசம் வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். வாயால் சொன்னால் ஹால் டிக்கெட் சமயத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.